நவரை வயலின் நீலம்

சனிக்கிழமை காலை ஏழே காலுக்கு, செங்கல்பட்டில் ஒரு கண் மருத்துவமனையின் புது மாடியில் இருந்தவர்கள்:

டாக்டர் கல்யாணி. மருத்துவமனை அவருடையது. பதினோரு மணிக்குத் திறப்பு விழா என்பதால் ஆறு மணியிலிருந்தே கடிகாரத்தை முறைத்துக்கொண்டிருந்தார்.

ஜெபா. தலைமை நர்ஸ். யார் எதை எங்கே வைத்தாலும் அதை எடுத்து வேறு இடத்தில் வைப்பவள்.

ஞானதாஸ். எலெக்ட்ரீசியன். கையில் டிரில்லிங் மெஷின், வாயில் நான்கு ஸ்க்ரூ.

பெஞ்சமின். ஜெபாவின் தம்பி, முப்பத்தொரு வயது. சுவரில் மாட்ட வேண்டிய பன்னிரண்டு படங்களையும் எடுத்தவன்.

உலகநாதனும் எல்லம்மாளும் இன்னும் வந்து சேரவில்லை. படாளத்தில் பஸ் ஏறிவிட்டார்கள். அவர்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.

படம் வேண்டும் என்பது டாக்டரின் யோசனை. முதலில் ஒரு கம்பெனிக்காரன் வந்து பனிமலை, டுலிப் தோட்டம் என்று ஒரு ஆல்பத்தை விரித்திருக்கிறான். டாக்டர் அதை மூடி அவன் கையிலேயே கொடுத்துவிட்டார். "கட்டுப் பிரிச்சதும் மனுஷன் முதல்ல பார்க்கறது சுவிட்சர்லாந்தா இருக்கணுமா? அவங்க ஊர் இல்லையா?" என்று ஜெபாவிடம் கேட்டார். ஜெபா அன்றைக்கே தம்பியைக் கூட்டிவந்து நிறுத்தினாள். இங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்குள், இந்த வசந்தத்தில் எடுத்ததாகப் பன்னிரண்டு படம் வேண்டும் என்றார் டாக்டர். சரியாக அமைந்தால் மதுராந்தகம் கிளைக்கும் கேளம்பாக்கம் கிளைக்கும் அவனே எடுக்கலாம். ஒரு வருடத்துக்கு வேலை ஓடும்.

சரியாக அமையாவிட்டால் என்ன என்பதும் பெஞ்சமினுக்குத் தெரியும். ஆறு வருடம் ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்த்தவன் அவன். ஏதோ ஒரு நாட்டுக்காரனின் இன்சூரன்ஸ் தகராறை விடிய விடியக் கேட்டுவிட்டு, விடிந்ததும் ஜன்னலில் கறுப்புப் போர்வையைத் தொங்கவிட்டுத் தூங்கியவன். போன ஆவணியில் ஒருநாள் கேப் வந்து ஹாரன் அடித்தது, இவன் இறங்கிப் போகவில்லை. அவ்வளவுதான் அவனுடைய ராஜினாமா. இப்போது பழைய டீம் லீடர் கார்த்தி திரும்பக் கூப்பிடுகிறான். திங்கட்கிழமை மாலை ஆறரைக்கு ஊரப்பாக்கத்தில் கேப் நிற்கும். வருகிறாயா இல்லையா என்பதைச் சனிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்குள் சொல்ல வேண்டும். வீட்டில் ஜெபா ஒருத்தி சம்பளத்தில் எத்தனை நாள் ஓட்டுவது? இந்தச் சுவர் கிடைத்தால் கேப்பில் ஏற வேண்டியதில்லை. கிடைக்காவிட்டால் ஏறித்தான் ஆக வேண்டும்.

வசந்தம் என்று டாக்டர் சொல்லிவிட்டாரே தவிர, இந்தப் பக்கத்தில் அது எப்போது வந்து எப்போது போகிறது என்று யாரும் பார்த்ததில்லை. மாசியில் பனி விலகுவதற்கும் பங்குனியில் வெயில் மண்டையைப் பிளப்பதற்கும் நடுவே ஒரு ஆறு வாரம் இருக்கிறது. அந்த ஆறு வாரத்துக்குள் புங்கமரம் இலையைக் கொட்டி, துளிர்த்து, எண்ணெய் தடவினாற்போல் மினுங்கும். வேப்பம்பூ தரையில் மாவு சலித்ததுபோல் கிடக்கும். நவரைப் பட்டத்து நெல் கதிர்விடத் தயாராகும். கடல் ஏரி மாதிரி கிடக்கும். பெஞ்சமின் செகண்ட் ஹாண்ட் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு இந்த ஆறு வாரமும் சுற்றினான். அலாரம் தேவைப்படவில்லை. நைட் ஷிப்ட் போனாலும் அதன் முழிப்பு போகவில்லை; மூன்றரைக்கே கண் திறந்துகொள்ளும்.

கொளவாய் ஏரியில் தண்ணீர்க்கோழி, வாயலூர்ப் பக்கம் பாலாறு கடலில் சேரும் மணல்திட்டு, கொக்கிலமேட்டில் கரையேறிக் கிடந்த ஃபைபர் படகுகள், கேளம்பாக்கம் உப்பங்கழியில் ஒற்றைக்காலில் நின்ற பூநாரைகள் எல்லாம் எடுத்தான். மாமல்லபுரத்துக்குப் பத்துத் தடவை போனான், கோயிலை எடுக்கவில்லை. அதை எடுக்க அங்கே தினமும் ஆயிரம் பேர் வருகிறார்கள். ஆயிரத்தோராவது ஆள் எதற்கு? கோயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஐஸ் வண்டிக்காரர்கள் வருவதற்கு முன்னால் மணலில் நண்டுகள் போட்டிருந்த உருண்டைகளை எடுத்தான். படாளத்தில் ரோட்டை விட்டு இறங்கி, ஒரு நவரை வயலை ஆறேமுக்கால் வெயிலில் எடுத்தான். பன்னிரண்டில் அதுதான் உருப்படி என்று அவனுக்கே தெரியும்.

பிரிண்டுகள் சென்னையில் ஒரு லேபில் தயாராகி, பிரேம் போட்டு, வெள்ளிக்கிழமை ராத்திரி வந்து சேர்ந்தன. வீட்டு மஞ்சள் பல்பின் கீழே இரண்டைப் பிரித்துப் பார்த்தான். நன்றாக இருந்தன. மீதியைப் பிரிக்கவில்லை.

இப்போது ஞானதாஸ் பதினொன்றை மாட்டி முடித்திருந்தான். டாக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். "ரொம்ப அமைதியா இருக்கு பெஞ்சமின். விடியறதுக்கு முன்னாடி எடுத்ததா?"

"ஆமா டாக்டர்" என்றான். அவற்றில் பாதி, விடிந்தபின் எடுத்தவை. ஏன் அப்படிக் கேட்கிறார் என்று யோசித்தான்.

பன்னிரண்டாவது புங்கமரப் படம். அதற்கான இடம் ஜன்னலை ஒட்டி இருந்தது. ஞானதாஸ் அதை மாட்டிவிட்டு நகர்ந்தான். ஜன்னலுக்கு வெளியே, ஆஸ்பத்திரிக் காம்பவுண்டில் நிஜமாகவே ஒரு புங்கமரம் நின்றது. அதே துளிர், அதே வாரம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். வெளியே இருந்தது பச்சை. சுவரில் இருந்தது, பச்சையை ராத்திரி முழுக்க சொட்டு நீலம் கலந்த தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்த மாதிரி ஒரு நிறம்.

பெஞ்சமின் மரத்தைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான். திரும்பி மற்ற பதினொன்றையும் பார்த்தான். பூநாரை நீலம். நண்டு மணல் நீலம். வயல் நீலம்.

காரணம் புரிய அரை நிமிடம்கூட ஆகவில்லை. அவன் லேப்டாப்பில் நைட் லைட் என்று ஒரு ஏற்பாடு உண்டு. ராத்திரியில் கண் கூசாமல் இருக்கத் திரையை மஞ்சளாக்கிவிடும். கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், இருபத்து நான்கு மணி நேரமும் எரியும்படி அதைப் போட்டுவைத்தான். பிறகு அப்படி ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. மஞ்சள் திரைதான் திரை என்று ஆகிவிட்டது. அந்தத் திரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு படமும் மஞ்சளடிக்கிறது, மஞ்சளடிக்கிறது என்று திட்டிக்கொண்டே நீலத்தை ஏற்றியிருக்கிறான். பகல் வேலைக்காரன் எவனும் செய்ய முடியாத தப்பு.

யாராவது சொல்கிறார்களா என்று பார்த்தான். டாக்டர் பூநாரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஜெபா ஒரு பிரேமை நிமிர்த்தினாள். சரி, சும்மா இருப்போம் என்று தீர்மானித்தான். விழா முடியட்டும். யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வானேன்?

எட்டு மணிக்கு உலகநாதனும் எல்லம்மாளும் படியேறி வந்தார்கள். அவருக்கு எழுபதை நெருங்கும் வயது; முக்கால்வாசிக் காலம் அடுத்தவர் கழனியில் கூலிக்கு வேலை பார்த்துவிட்டு, கடைசிப் பத்து வருடமாகத்தான் சொந்தமாக அறுபது சென்ட் வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை காலை வலது கண்ணில் கண்புரை எடுத்திருந்தார்கள். இடது கண்ணுக்கு அடுத்த வியாழன். கீழே பந்தல் வேலை நடந்ததால், கட்டுப் பிரிப்பதை டாக்டர் மாடியிலேயே வைத்துக்கொண்டார்.

ஜெபா கட்டைப் பிரித்து, கண்ணைத் துடைத்து, சொட்டு மருந்து விட்டாள். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பிரமாதமா இருக்கு" என்றார்.

"இன்னா பெரியவரே, பார்வ எப்டி கீது?" என்று ஜெபா கேட்டாள்.

"பளிச்சுனு கீதும்மா. உன் சட்டைல மூணாவது பட்டனு வேற நூல்ல தெச்சுகீது."

ஜெபா குனிந்து பார்த்தாள். உண்மைதான்.

"அப்ப இனிமே நீயே அரிசில கல்லு பொறுக்கு" என்றாள் எல்லம்மாள். "மூணு மாசமா சோத்துல கல்லு, சோத்துல கல்லுன்னு ஊரக் கூட்டிகினு இருந்த."

"கல்லு இருந்துச்சுடி. கண்ணு தெரியாதவன் பல்லுக்குமா தெரியாது?"

எல்லாரும் சிரித்தார்கள். அந்த மிதப்பில் உலகநாதன் எழுந்து, புதுக் கண்ணை வைத்துக்கொண்டு சுவரோரமாக நடந்தார். படகைப் பார்த்தார், நண்டு மணலைப் பார்த்தார். நவரை வயலின் முன்னால் நின்றுவிட்டார்.

"ஏ புள்ள, இங்க வா. இது நம்ம கயனியாச்சே."

எல்லம்மாள் வந்து மூக்கு இடிக்கப் பார்த்தாள். "ஆமாய்யா. அதோ சாஞ்ச போஸ்ட்டு. வரப்புல ஒம் மம்மட்டி கூட கீது பாரு."

பெஞ்சமினுக்கு அது தெரியாது. யார் வயல் என்று விசாரிக்காமலே எடுத்தவன் அவன். கிழவர் சந்தோஷப்படப் போகிறார் என்றுதான் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு பார்த்தார். பிறகு வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார். மறுபடி இடதைப் பொத்தினார். முகம் மெல்லச் சுருங்கியது.

"டாக்டரம்மா, இந்தக் கண்ணுல ஏதோ கோளாறு."

"என்ன செய்யுது?"

"பழைய கண்ணுல பயிரு பயிரா தெரிது. புதுக் கண்ணுல நீலமா தெரிது."

டாக்டர் நிதானமாகச் சொன்னார். "அது அப்படித்தான் இருக்கும் ஐயா. பழைய லென்ஸ் மஞ்சளா அழுக்குப் பிடிச்சிருந்தது. புதுசு சுத்தமா இருக்கு. அதனால நீலம் கொஞ்சம் தூக்கலாத் தெரியும். ரெண்டு வாரத்துல பழகிடும். எல்லாருக்கும் வர்றதுதான்."

பெஞ்சமினுக்கென்றே அளவெடுத்துத் தைத்த விளக்கம். பொய்யும் இல்லை. அவன் மூச்சை விட்டான்.

உலகநாதன் விடவில்லை. "உங்க கோட்டு வெள்ளையா கீது. தரை சாம்பலா கீது. ஜன்னலாண்ட மரம் பச்சையா கீது. என் பயிரு மட்டும் ஏன் நீலமா கீது?"

"கொஞ்ச நாள் பொறுங்க ஐயா."

"பொறுக்கலாம்மா. ஆனா அடுத்த கண்ணு வாணாம்." அவர் கோபப்படவில்லை. கடையில் ஒரு சாமானைத் திருப்பித் தருகிறவர்போலச் சொன்னார். "வியாயக்கெயம வரல. இந்தப் பழைய கண்ணுலயாவது பயிரு பயிரா தெரியட்டும். இலையில நோவு வந்தா நெறத்துலதான மொதல்ல தெரியும்? ரெண்டும் போச்சுன்னா நான் இன்னா பண்றது?"

"இன்னாய்யா இப்டிச் சொல்ற?" என்றாள் எல்லம்மாள். அவள் குரலில் முன்பிருந்த கிண்டல் இல்லை. டாக்டர் ஜெபாவைப் பார்த்தார். ஜெபா, இந்த மாதிரி பயத்தைப் பலதடவை பார்த்தவள், பேசிச் சரிபண்ணிவிடலாம் என்று கண்ணைக் காட்டினாள்.

பேசினாலும் சரிவராது என்று பெஞ்சமினுக்குத் தெரிந்தது. கிழவர் கண்ணுக்கு எதுவும் இல்லை. அந்த அறையிலேயே சரியாகப் பார்த்தது அந்த ஒரு கண்தான். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. கார்த்தியாகத்தான் இருக்கும்.

"பெரியவரே," என்றான், "உங்க கண்ணு சரியாத்தான் கீது. படம்தான் தப்பு."

ஞானதாஸ் டிரில்லிங் மெஷினைக் கீழே வைத்தான்.

"எல்லாப் படமும் தப்பு. பன்னெண்டும் நீலம். என் கம்ப்யூட்டர் திரை மஞ்சளா இருந்துச்சு, அது தெரியாம நீலத்த ஏத்திட்டேன்."

"எப்போ தெரிஞ்சது?" என்று டாக்டர் கேட்டார்.

"அந்த மரத்துக்குப் பக்கத்துல மாட்டினப்ப."

"அது அரை மணி நேரத்துக்கு முன்னாடி."

"ஆமா."

ஜெபா அவனைப் பார்த்த பார்வையில் வீட்டு வாடகையிலிருந்து மளிகைக்கடை வரை எல்லாம் இருந்தது. "அப்ப அரை மணி நேரமா வாயில இன்னாத்தடா வெச்சுகினு இருந்த?"

"நான் அப்பவே பாத்தேன் அண்ணாத்த," என்றான் ஞானதாஸ். "ஏதோ சினிமா எஃபெக்டுன்னு நெனச்சு உட்டுட்டேன்."

"நீ பாத்த! ஸ்க்ரூவ முழுங்காம இருந்தா போதாதா?" என்று ஜெபா அவன்மேல் பாய்ந்தாள்.

உலகநாதன் இதில் எதையும் நம்பவில்லை. பெஞ்சமினை மேலும் கீழும் பார்த்தார். "நீ டாக்டரம்மாவுக்கு வேண்டியவன். என்னச் சமாதானம் பண்றதுக்கு இப்டிச் சொல்ற."

பெஞ்சமின் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து நாற்காலிமேல் வைத்தான். வயல் படத்தைத் திறந்தான். மஞ்சள் திரையில் அது அழகாக, பச்சையாக இருந்தது. பிறகு நைட் லைட்டை அணைத்தான். போட்டுவைத்த நாளிலிருந்து முதல் தடவை. திரை வெளுத்தது, வயல் சட்டென்று நீலமாயிற்று. சுவரில் தொங்கியதும் நாற்காலியில் இருந்ததும் இப்போது ஒரே நிறம். டாக்டர் தன்னையறியாமல் "அடடா" என்றார்.

"இப்ப நீங்க சொல்லுங்க" என்று, நிறத்தைக் கூட்டிக் குறைக்கும் புள்ளியைத் திரையில் மெல்ல நகர்த்தினான். நீலம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

உலகநாதன் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு குனிந்தார். "வருது... வருது. இன்னும் கொஞ்சம் தள்ளு. போதும் போதும்! அது உரம் போட்ட மறுவாரத்துப் பச்ச. நீ எப்ப எடுத்த?"

"பத்து நாள் ஆச்சு. காலைல ஆறேமுக்கால்."

"அப்ப கதிரு வயித்துல கீது. அந்தப் பச்சைல ஒரு வெளுப்பு இருக்கும். கொஞ்சம் திரும்பி வா. ஆங். அங்க நிறுத்து." நிமிர்ந்து, கையை எடுத்து, இரண்டு கண்ணையும் திறந்து, மறுபடி ஒற்றைக் கண்ணால் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். "இதான் என் கயனி" என்றார். பிறகு எல்லம்மாளிடம், "இன்னாடி பாக்கற? வியாயக்கெயம வருவோம்னு சொல்லு."

"நீயே சொல்லேன். வாயுமா ஆபரேஷன் பண்ணாங்க?"

டாக்டர் சுவரைப் பார்த்தபடி நின்றார். மணி எட்டே முக்கால். "ஞானதாஸ், எல்லாத்தையும் எறக்கு" என்றார்.

"மேடம், பன்னெண்டு ஓட்ட போட்டுகீறேன் செவுத்துல."

"ஓட்டை இருக்கட்டும். ஸ்க்ரூவும் இருக்கட்டும். எறக்கு."

பெஞ்சமின் லேப்டாப்பை மூடப் போனான். திங்கட்கிழமை ஆறரை மணி, ஊரப்பாக்கம் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. எந்தச் சட்டை இஸ்திரியில் இருக்கிறது என்பதுவரை போய்விட்டது.

"மூடாதே" என்றார் டாக்டர். "நீ பேசாம இருந்திருந்தா, திங்கட்கிழமையிலேர்ந்து கட்டுப் பிரிக்கிற ஒவ்வொருத்தருக்கும் நான் அதே விளக்கத்தைச் சொல்லிட்டு இருந்திருப்பேன். சரியான விளக்கம், தப்பான இடத்துல. நாலு பேர் ஆர அமரப் பார்த்தோம். ரொம்ப அமைதியா இருக்குன்னு சொன்னது நான்." அதைச் சொல்ல அவருக்குப் பிடிக்கவில்லை என்பது தெரிந்தது, சொல்லிவிட்டார். "பிரிண்ட் எத்தனை நாள் ஆகும்?"

"மூணு நாள்."

"அப்ப புதன்கிழமை மாட்டலாம். இன்னிக்கு சீஃப் கெஸ்ட் வெறும் சுவத்தப் பார்த்துட்டுப் போகட்டும். திங்கட்கிழமை காலைல பத்து மணிக்கு நான் கேளம்பாக்கம் போறேன். அங்க சுவத்த அளக்கணும், கூட வந்துடு. ஆனா ஒண்ணு. இனிமே எந்தப் படமும் பிரிண்டுக்குப் போறதுக்கு முன்னாடி, அன்னிக்குக் கட்டுப் பிரிச்ச ஒருத்தர் பார்த்துச் சரின்னு சொல்லணும். உன் கண்ணையும் நம்பறதா இல்ல, என் கண்ணையும் நம்பறதா இல்ல."

"மிச்சம் பதினொண்ணு கீது" என்றார் உலகநாதன். யாரும் அவரைக் கேட்கவில்லை. "எங்களுக்கு பன்னெண்டு மணிக்குத்தான் பஸ்ஸு."

"பூநாரைய நீ எங்கய்யா பாத்த, நெறம் சொல்ல?" என்றாள் எல்லம்மாள்.

"நண்டப் பாத்துகீறேன். மண்ணப் பாத்துகீறேன். நாரைய பேசிக்கலாம்."

ஜன்னல் வழியாக வெயில் உள்ளே ஏறிவிட்டது. திரை சரியாகத் தெரியவில்லை. கண்ணாடிக்கு நம்பர் பார்க்கும் இருட்டறை மாடியின் கடைசியில் இருந்தது. ஜன்னல் இல்லாத, கறுப்புப் பெயின்ட் அடித்த அறை. டாக்டர் பெஞ்சமினையும் உலகநாதனையும் அங்கே அனுப்பச் சொன்னார். எல்லம்மாள் வர மறுத்துவிட்டாள். கீழே லட்டு கொடுக்கப்போவதாக அவளுக்குத் தகவல் கிடைத்திருந்தது.

பெஞ்சமின் அறைக்குள் போய் லேப்டாப்பை மேஜைமேல் வைத்தான். காலை ஒன்பது மணிக்கு இருட்டு. அதில் அவனுக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. போனை எடுத்தான். 'மச்சான், இன்னா சொல்ற? இருக்கியா?' என்று கார்த்தி கேட்டிருந்தான். 'வரல' என்று அடித்தான். ஒரு வார்த்தை மொட்டையாக இருப்பதுபோல் தோன்றியது. சேர்க்க எதுவும் கிடைக்கவில்லை. அப்படியே அனுப்பினான்.

உலகநாதன் ஸ்டூலை இழுத்துப் போட்டு, திரைக்கு முன்னால் உட்கார்ந்து, இடது கண்ணைப் பொத்தித் தயாராக இருந்தார். "எடு தம்பி. மொதல்ல அந்த மண்ணு."

கீழே நாதஸ்வரக்காரர் ஊதிப் பார்க்கும் சத்தம் கேட்டது. ஜெபா வாசலில் வந்து நின்றாள். கையில் சாவிக்கொத்து.

"வர்றவன் எல்லாம் ஒவ்வொரு ரூமாத் தொறந்து பாத்துகினு இருப்பான். வெளிச்சம் உள்ள வந்தா மறுபடி எதையாவது நீலமாக்கி வெப்ப" என்றாள். "பதினொண்ணும் முடிச்சிட்டுத் தட்டு."

"தண்ணி?"

"பெரியவர் பையில கீது."

கதவைச் சாத்தி, வெளிப்பக்கம் பூட்டினாள்.